எல்லாமே இடது கை

தையல் கூடத்தின் நடுவில் நீளமான வெட்டு மேசை. துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே ஒவ்வொரு பகுதியின் வடிவத்தில் நறுக்கிய அட்டையை வைத்துக் கோடு போட்டு மின்கத்தியை ஓட்டினால், ஒரே ஓட்டத்தில் அடுக்கு முழுவதும் வெட்டுப்படும். தப்பாக வெட்டினாலும் அடுக்கு முழுவதும்தான். அந்த மேசை கட்டிங் மாஸ்டருடையது. அவரை மேதை என்று சொல்ல முடியாது. கணக்காக வெட்டுவார், துணி வீணாகாது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் அவருடைய மானம் மரியாதை எல்லாம் இருந்தது.

அவருக்குப் பெருங்குடலில் புண். வருடக்கணக்காக வரும், அடங்கும், மறுபடி வரும். வந்தால் கத்தியை அணைத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுவார். மனைவியின் தம்பியும் அதே கூடத்தில் இரண்டாவது கட்டர்.

"ஓரம் போங்கப்பா, மாமா வண்டி சிக்னல் இல்லாமப் போகுது!"

"டேய் மாப்ளே, உனக்கும் ஒரு நாள் வரும். அப்ப நான் கொடி காட்டுறேன்டா!"

இந்த அளவில் சிரித்துச் சமாளிக்க முடிந்தது. பிறகு வயிறு மோசமாகும் வாரங்களில் சொற்கள் நழுவத் தொடங்கின. கையை நீட்டியபடி நிற்பார். "அதை எடு... அதான்... அட, அது." கத்தரிக்கோல் என்ற சொல் வராது. அளவெடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் அளவு போய்விடும். வீட்டில் மகள் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். யாரைப் பற்றிச் சொல்கிறாள் என்பது பாதியில் நழுவிவிடும். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார்.

யோசிப்பது தலையின் வேலை, செரிப்பது வயிற்றின் வேலை என்று பிரித்து வைத்தே பழகிவிட்டோம். அவரும் பிரித்தே வைத்திருந்தார். மருத்துவரிடம் வயிற்றைப் பற்றி மட்டும் சொன்னார். தலையைப் பற்றி மூச்சு விடவில்லை.

சீருடைக் கோட்டுகளுக்கு ஒரு துணி வந்தது. ஒரு பக்கம் மினுமினுப்பு, மறு பக்கம் மங்கல். இப்படிப்பட்ட துணியில் ஒரு கைப்பகுதிக்குக் கோடு போட்ட பிறகு, மறு கைக்கு அட்டையைப் புரட்டி வைக்க வேண்டும். தொழிலுக்கு வந்தவர்கள் முதலில் பழகுவதே இதுதான். அவர் புரட்டவில்லை.

தைக்கும் பெண் ஒருத்தி வெட்டிய இரண்டு கைப்பகுதிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மாஸ்டர், இந்தக் கோட்டைப் போடப்போறவங்களுக்கு ரெண்டுமே இடது கையா?"

கூடமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுத் துண்டுகளை வாங்கிப் பார்த்தார். எது தப்பு என்று தெரியவில்லை. மச்சினன் வந்து இரண்டையும் மேசையில் அருகருகே விரித்தான்.

"இந்த வளைவு முன்பக்கம் வரணும் மாமா. இதுல பின்னாடி இருக்கு பாருங்க."

"எங்க?"

"இங்கதான்."

"எங்கடா?"

மச்சினனின் சிரிப்பு நின்றது.

அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது மனைவி கொட்டித் தீர்த்துவிட்டாள். "வயிறு மட்டுமில்ல டாக்டர், இவருக்குத் தலையும் ஓட மாட்டேங்குது."

"ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"தலைக்கு வேற டாக்டர்தான் பாக்கணும்னு நெனச்சோம்."

மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். "குடல்ல அழற்சி அதிகமா இருக்கும்போது சிலருக்கு யோசனை மந்தமாகும். கவனம் நிக்காது, சொல் வராது. ரத்தக்குறைவு, தூக்கமில்லாதது, கவலை எல்லாம் கூடச் சேரும். அழற்சி மூளையை எப்படித் தொடுதுன்னு இன்னும் முழுசாத் தெரியல."

"குடல் அடங்கினா இதுவும் போயிடுமா?" என்று கேட்டார் அவர்.

"குறையலாம். எல்லாருக்கும் அப்படின்னு என்னால சொல்ல முடியாது. மருந்தை விடாதீங்க, ரத்தத்தையும் சோதிச்சுப் பாப்போம். அதுவரைக்கும் முக்கியமான வேலையை இன்னொருத்தர் ஒரு தடவை பாக்கட்டும்."

காரணம் தெரிந்தால் பாதி பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கியதுதான், மருத்துவமனைப் படியை விட்டு இறங்குவதற்குள் திரும்ப ஏறிக்கொண்டது. இனி கவனமாக இருக்கலாம் என்று நினைத்தார். போயிருப்பதே அந்தக் கவனம்தானே.

முதலாளி நல்லவர். "மேசையிலேயே இருங்க. ஆனா கத்தி ஓடுறதுக்கு முன்னாடி உங்க மச்சினன் ஒரு பார்வை பாத்துடட்டும்" என்றார்.

அடுத்த அடுக்கை விரித்தார். இந்த முறை அட்டைகளையெல்லாம் முதலிலேயே பரப்பி வைத்தார். விரலால் வளைவுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தது. போன முறையும் இப்படித்தான் உறுதியாகத் தெரிந்தது. கத்தியின் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு மச்சினனைக் கூப்பிட்டார்.

அவன் வந்தான், பார்த்தான், ஓர் அட்டையைப் புரட்டி வைத்தான்.

"நிஜமாவே தப்பா இருந்துச்சா?"

"ஆமா மாமா."

"விளையாடலையே?"

"இல்ல மாமா."

அவர் குனிந்து பார்த்தார். புரட்டுவதற்கு முன்னால் இருந்ததும் இப்போது இருப்பதும் அவருக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. மச்சினன் சற்றுத் தயங்கிவிட்டுக் கத்தியை எடுத்தான். துணி நகராமலிருக்க அவர் மறு முனையைப் பிடித்துக்கொண்டார்.