டோர்வலுக்குத் திரேசாவைக் கூப்பிடப் போனது

2005ஆம் ஆண்டு மாசியில், நான் இந்தப் பனி ஊருக்கு வந்து பதினாறு வருடத்துக்குப் பிறகு என் மனைவி திரேசா மன்னாரிலிருந்து வந்தாள். படுக்கையில் இருந்த தன் அம்மாவைக் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று சொல்லியிருந்தாள். அதுவரை தொலைபேசி அட்டை முடியும்வரைதான் எனக்கு அவள் குரல். கார் இல்லாமல் எங்கள் நகரத்து டோர்வல் விமான நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். எழுதப் பழகி ஒரு வருடந்தான் ஆகிறது. ஆறுதலாக, அவசரப்படாமல் வாசியுங்கள், நானும் ஆறுதலாகத்தான் எழுதுகிறேன்.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் ஸ்டாவ்ரோஸ் துணைக்கு வந்தார். கிரேக்கர், என் வயதுக்காரர். பார்க் மெட்ரோவில் ஏறி, ஸ்னோடனில் மாறி, லியோனல்-குரூவில் இறங்கி, 211 பஸ்ஸில் டோர்வல் வரை போய், அங்கிருந்து விமான நிலையத்துக்கு 204 பஸ். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட், இரண்டரை டொலர். பஸ் மாறுவதற்கான சீட்டை மெட்ரோவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பனி நாளென்றால் ஒன்றரை மணித்தியாலம் வேண்டும்.

பஸ்ஸில் மடியில் ஒரு கடதாசி மட்டை வைத்திருந்தேன். அதில் ‘திரேசா’ என்று நானே எழுதியிருந்தேன். எழுதப் பழகியதை அவளுக்குச் சொல்லவே இல்லை.

“உன்னை அவளுக்கு அடையாளம் தெரியுமா?” என்று ஸ்டாவ்ரோஸ் கேட்டார். எங்கள் பேச்சு பாதி பிரெஞ்சு, பாதி கை. பிறகு தங்கள் பழங்கதை ஒன்றைச் சொன்னார். போருக்குப் போன ஓர் அரசன் கடலில் அலைந்து, இருபது வருடத்தின் பின் வீடு வருகிறான். மனைவி உடனே நம்பவில்லை. “கட்டிலைத் தூக்கி வெளியே போடுங்கள்” என்கிறாள். அவனுக்குக் கோபம் வருகிறது. வேரோடு நிற்கும் மரத்தில் நானே செய்த கட்டில் அது, அசைக்க முடியாது என்கிறான். அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த அதைக் கேட்ட பிறகுதான் அவள் கட்டிப் பிடிக்கிறாள்.

“நாங்கள் வாள்வீரரைப் பாடிய சனம்தான். ஆனால் கடைசிக் கதவை வாள் திறக்கவில்லை,” என்றார்.

எங்கள் கதைகளில் பிரிந்திருந்த மனைவியைத்தான் சோதிப்பார்கள். இவர்கள் கதையில் சோதிப்பவள் அவள். அது எனக்குப் பிடித்துக்கொண்டது.

பயணிகள் வெளியே வரும் வாசலில் கம்பளித் தொப்பியும் வாயை மூடிய சால்வையுமாக மட்டையைப் பிடித்தபடி நின்றேன். திரேசா வந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. மட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“என்ர மனிசன் வரேல்லையோ?”

“நான்தான்.”

“அவருக்கு எழுதத் தெரியாது. நீங்கள் ஆர்?”

தொப்பியையும் சால்வையையும் கழற்றினேன். கனநேரம் பார்த்தாள்.

“கலியாணத்தண்டு கோயில் படியில சறுக்கி விழுந்தனீங்கள், ஞாபகமிருக்கோ?”

“நானோ? நீயெல்லோ சறுக்கினனீ. நான் பிடிச்சிராட்டி பல்லுப் போயிருக்கும்.”

“ஓம், நீங்கள்தான்,” என்று என் கையைப் பிடித்தாள். விடவில்லை. ஸ்டாவ்ரோஸ் மறுபக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

“அப்ப என்ர கடிதம் வந்தா நீங்களே வாசிப்பீங்களோ?”

“இனி ஏன் கடிதம்? பக்கத்திலதானே இருக்கிறாய்.”

“ஆரோ வாசிச்சுச் சொல்லுவினம் எண்டு எழுதாம விட்டது எவ்வளவோ கிடக்கு.”

வருகிறவருக்குத் தடித்த கோட்டும் குளிர்ச் சப்பாத்தும் கொண்டுபோங்கள். டோர்வல் பஸ் தரிப்பிடத்தில் காற்றுக் கடுமை. தொப்பியை உள்ளே போனதும் கழற்றிவிடுங்கள்.

இதை எழுதும்போது திரேசா குசினி மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறாள். எட்டிப் பார்த்தால் கையால் மறைக்கிறாள். “பேந்து காட்டுறன்,” என்கிறாள். நான் காத்திருக்கிறேன்.