ஐந்தரைக்குள் போய்ச் சேர வேண்டிய கடிதங்கள்

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஏற்றுமதி செய்யும் அலுவலகம் ஒன்றில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தொண்ணூறுகளின் கடைசி. அன்றைய மெயில் கடிதங்கள் எல்லாம் போன பிறகுதான் போன் இணைப்பைத் துண்டித்து அறையைப் பூட்டலாம். மூன்று வயது மகளை விட்டிருந்த காப்பகமோ ஐந்தரைக்கு மூடிவிடும். நான் போய்ச் சேரும்போது பெரும்பாலும் ஆறு. மற்றப் பிள்ளைகள் போன பிறகு, காப்பகத்து அக்காவின் பக்கத்தில் அவள் மட்டும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

தாமதத்துக்குக் காரணம் சர்வர்களின் மரியாதைதான். ஒவ்வொரு கடிதத்துக்கும் யார் அனுப்பியது, சரி, யாருக்கு, சரி, இனிச் சொல்லலாமா என்று எங்கள் சர்வரும் எதிர்முனைச் சர்வரும் மாறி மாறிக் கேட்டுக் காத்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டுக் கடைசியில் பதில் வாங்கும் புது முறை ஒன்று வந்திருப்பதாகப் படித்தேன். ஆனால் எதிர்முனையிலும் அதைப் போட்டிருக்க வேண்டும்.

எங்களோடு அதிகம் கடிதம் பரிமாறும் மூன்று அலுவலகங்களின் சர்வர்காரர்களுக்கு, நன்மைகளை அடுக்கி மெயில் எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. அதிகப்பிரசங்கித்தனமாக எழுதிவிட்டேனோ? என் பிள்ளைக்காக ஊரார் சர்வரை மாற்றச் சொல்வது நியாயமா?

காப்பகத்து அக்காவிடம் புலம்பினேன்.

"ஏட்டி, காதுகுத்துப் பத்திரிகையத் தபால்ல போட்டா எவன் வருவான்? நேர்ல போயி வைக்கணும்லா" என்றார்.

லீவு போட்டு, மகளோடு தூத்துக்குடிக்கு ரயிலேறினேன். கடம்பூரில் ஜன்னல் வழியே போளி வாங்கினேன். மூவரில் மூத்தவர் அங்கே கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் இருந்தார். எங்கள் கடிதங்களில் பாதிக்கு மேல் அவருக்குத்தான்.

"மெயில் பாத்தேன் தங்கச்சி. ஓடுத வண்டியில எதுக்குக் கை வைக்கன்னு விட்டுட்டேன்."

"பழசு அது பாட்டுக்கு ஓடும் அண்ணாச்சி. இது பக்கத்துல தனியா நிக்கும். புதுசு தெரியாத சர்வர் பழசுலயே வந்துட்டுப் போகட்டும்."

"சரி. இதுல ஒனக்கு என்ன கெடைக்குது? அத எழுதலயே."

எழுதியிருந்தேன். அலுவலக மெயிலில் இதுவா என்று அழித்துவிட்டேன். மடியிலிருந்தவளைக் காட்டி, "இவள அஞ்சரைக்குள்ள காப்பகத்துலருந்து கூட்டணும்" என்றேன்.

அவர் போளியைப் பிய்த்து மகள் கையில் கொடுத்தார். "இத மொதல்லயே எழுதியிருந்தா நீ ரயிலேறியிருக்க வேண்டாம். போளிதான் வந்திருக்காது."

மதியத்துக்குள் போட்டுவிட்டார். மற்ற இருவருக்கும் அவரே போன் செய்தார். "கோவில்பட்டித் தங்கச்சி பத்திரிகை கணக்கா நேர்ல வந்து வச்சிட்டுப் போகுது. நீங்களும் போட்டிருங்க."

திங்கட்கிழமை ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கே கடைசிக் கடிதமும் போய்விட்டது. எனக்கு நம்பிக்கையில்லை. வழியில் தொலைந்திருந்தால்? மூன்று முறை பார்த்துவிட்டு அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

"எல்லாம் வந்துட்டு. நீ கெளம்பு."

காப்பகத்தில் மகள் ஏழெட்டுப் பிள்ளைகளோடு ரயில் விட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் இன்ஜின். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"ஏம்மா அதுக்குள்ள வந்த?"

ஐந்தரை ஆகும்வரை அக்காவின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.