மஞ்சள் வெளிச்சத்தில் அக்கா

அக்காவுக்கு முதலில் வந்தது சொறிச்சல். உள்ளங்கையில் தொடங்கிக் காலுக்கும் முதுகுக்கும் போனது. கொழும்புக் குழாய்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் தீர்ப்புச் சொன்னேன். சவர்க்காரத்தை மாற்றினேன். அதற்கும் அடங்காதபோது பவுடர் வாங்கிக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்கு முதல் மாதம் இப்படித்தான் இருக்கும் என்று, ஏதோ நூறு பேரைக் கரையேற்றிய ஆள் போலக் கதைத்துக்கொண்டு திரிந்தேன்.

வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, என்னைப் போல நல்ல அக்கறையான ஆள் என்று பெயர் எடுத்தவர்களுக்காக. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருடம் பிந்தியதற்கும் அதுதான் காரணம்.

போர் முடிவதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்னர் நடந்தது. யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை மூடிக் கிடந்த காலம். அக்கா கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு வெள்ளவத்தைக்கு என்னிடம் வந்து சேர்ந்தார். கனடாவில் இருக்கும் மகன் சுதன் அவரைக் கூப்பிட ஒழுங்கு செய்திருந்தான். பதினொரு வருடமாக அவர் மகனைப் பார்க்கவில்லை. விசா அலுவல் முடியும்வரை என்னோடு இருப்பது என்று ஏற்பாடு. நான் பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தேன். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் தனி ஆளாக இருந்தேன்.

வந்த அன்று அக்கா கூடத்தின் நடுவில் நின்று ரியூப் லைற்றை அண்ணாந்து பார்த்தார்.

“என்ன பிள்ளை, ஆசுப்பத்திரி வார்ட் மாதிரிக் கிடக்கு” என்றார்.

பகிடிக்குத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் பன்னிரண்டு வருடம் இருந்தும் சுவரில் ஒரு ஆணி அடித்ததில்லை. தமிழர் என்று எந்த நேரமும் எழும்பிப் போகச் சொல்லிவிடுவார்கள் என்ற நினைப்பிலேயே காலம் போயிருந்தது. அக்கா இருக்கும்வரையாவது வீட்டை வீடாக்கிக் காட்டுவது என்று எனக்கு ஒரு வேகம் வந்தது.

காலி வீதியில் மின்குமிழ்க் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா மாளிகாவத்தையிலிருந்து வருகிறவர். அவர் பிள்ளைகளுக்கு நான் படிப்பித்திருந்தேன். மஞ்சள் குமிழும் பிரம்பு மூடியும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு எனக்கே வகுப்பு எடுத்தார்.

“மேலுக்கு ஒண்டும் வாணாம் டீச்சர். மூலைல கீழுக்கு வைங்க. வெளிச்சம் செவத்துல பட்டு வந்தா ஊடே வேற மாதிரி ஈக்கும். பாத்ரூமுக்கு மட்டும் வெள்ளையே ஈக்கட்டும்.”

கடைசி வசனத்தை நான் கேட்கவில்லை. குளியலறைக் கதவு திறக்கும்போது வெள்ளை வெளிச்சம் கூடத்தில் வந்து விழுந்து எல்லா அழகையும் கெடுத்தது. அங்கேயும் மஞ்சள் குமிழையே போட்டேன். கதிரைக்குப் பின்னால் ஒன்று, அக்காவின் கட்டில் தலைமாட்டில் ஒன்று, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று.

அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் தமிழர் வீடுகளைத் திரைச்சீலையை வைத்தே அடையாளம் சொல்லலாம். முனையில் சோதனைச் சாவடி. உள்ளே எத்தனை பேர், புதிதாக யார் என்று வெளியில் தெரியக்கூடாது என்று தடித்த சீலை போட்டு, பகலிலும் இழுத்து மூடி வைப்போம். வெளியூரால் வந்து தங்குபவர்கள் பொலிஸில் பதியவேண்டும் என்பதால் அக்காவும் பதிந்திருந்தார். ஆனாலும் சிங்களம் தெரியாது, யாராவது மறித்துக் கேட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கீழே இறங்கவே மாட்டார். ஆகவே எங்கள் வீட்டில் பகலிலும் மஞ்சள் விளக்குத்தான் எரிந்தது. அக்காவின் முகத்தில் சூரிய வெளிச்சம் பட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனதை நான் யோசிக்கவே இல்லை.

வீடு அழகாகத்தான் வந்தது. பாடசாலையால் வந்து கதவைத் திறந்தால் மனம் இளகிவிடும். “இப்பதான் வீடு மாதிரிக் கிடக்கு” என்று அக்காவும் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு எங்கே வாங்கினது என்று விசாரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதற்குள் அக்கா சாப்பாட்டைக் குறைத்திருந்தார். களைப்பு என்று படுத்துக்கொள்வார். சும்மா கிடந்தால் உடம்பு பிடித்துப்போகும் என்று நான் புத்தி சொன்னேன். ஒரு பின்னேரம் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமாட்டு விளக்கில் அவர் முகம் பளிச்சென்று இருந்தது.

“அக்கா, நல்ல நிறம் வந்திட்டியள். சுதன் கண்டால் ஆரெண்டு கேப்பான்.”

அக்கா கன்னத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு களைப்பு என்ற சொல்லை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஒரு பொருளின் நிறம் அதன்மேல் விழும் ஒளியைப் பொறுத்தது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் பரீட்சையிலும் கேட்டவள் நான்.

ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிபோல் இராணுவத்தின் சுற்றிவளைப்பு. எல்லோரும் அடையாள அட்டையோடு கீழே இறங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அக்காவின் கையைப் பிடித்து மூன்று மாடி இறக்கினேன். நடுவில் இரண்டு தரம் இருந்து இளைப்பாறினார். ஒழுங்கையில் நல்ல வெயில். வரிசையில் எங்கள் முறை வந்ததும் ஒரு ஆமிக்காரன் அக்காவின் அட்டையை வாங்கினான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், திரும்பப் படத்தைப் பார்த்தான். பிறகு முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. விசாக் கடிதம், பொலிஸ் பதிவுத்துண்டு எல்லாவற்றையும் நீட்டினேன். அவன் அவற்றைப் பார்க்கவில்லை.

“அம்மாகே எஸ் தெக்க கஹய் நே, மிஸ். தொஸ்தரட்ட பென்னன்ன” என்றான்.

அம்மாவின் கண் இரண்டும் மஞ்சளாக இருக்கிறது, டாக்குத்தரிடம் காட்டுங்கள் என்றான். அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்தவரிடம் போனான். நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். கண் மட்டுமில்லை. கழுத்து, கை, நகத்தின் அடி, எல்லாம் மஞ்சள். இரண்டு மாதம் பக்கத்தில் இருந்து நான் பார்க்காததை, நான் பயந்து நடுங்கிய ஒருவன் ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டான். அந்த இடத்திலேயே நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

அன்றே பக்கத்தில் இருந்த டாக்குத்தரிடம் போனோம். தமிழர், பொறுமையான மனிதர். கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

“எத்தினை நாளாய் இப்பிடி?” என்று கேட்டார்.

நான் விஞ்ஞான ரீச்சர் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய மகள் என் வகுப்பில் இருந்தாள். சொறிச்சல் தொடங்கியே இரண்டு மாதம் தாண்டிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“ஒரு பத்து நாள் இருக்கும், டொக்டர்” என்றேன்.

அக்கா பக்கத்தில் இருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நோவு இல்லை, காய்ச்சல் இல்லை, பத்து நாள்தான் என்றால் கிருமியால் வரும் செங்கண்மாரியாக (ஈரல் வீங்கி உடம்பு மஞ்சளாகும் நோய்) இருக்கலாம் என்றார். இரத்தத்தில் பிலிருபின் (ஈரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் கழிவு) பார்க்க எழுதித் தந்தார். கொழுப்பில்லாத சாப்பாடு, செவ்விளநீர், படுக்கை ஓய்வு. குறையாவிட்டால் ஒரு கிழமையில் வரச் சொன்னார். நான் சொன்ன நாட்கணக்குக்கு அது சரியான வைத்தியம். பிழை அவரில் இல்லை.

ஐந்தாம் நாள் அக்காவுக்குக் குலைப்பன் காய்ச்சல் (மலேரியா) மாதிரி நடுக்கம் பிடித்தது. கட்டிலே ஆடியது. காய்ச்சல் கொதித்தது. ஓட்டோவில் போட்டுக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போனேன்.

வார்டில் பெரிய ஜன்னல்கள், சீலை இல்லை. சத்திரசிகிச்சை டாக்குத்தர் ஒரு சிங்களப் பெண். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் அதே கேள்வியைக் கேட்டார். எப்போது தொடங்கியது? பத்து நாளும் ஐந்து நாளும் பதினைந்து என்று வாய்வரை வந்துவிட்டது. அக்காவின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. இரண்டு மாதத்துக்கு மேல் என்று சொன்னேன். டாக்குத்தர் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். ஏச்சு விழும் என்று நின்றேன். அவர் எழுதி முடித்துவிட்டு, தாதியைக் கூப்பிட்டு உடனே ஸ்கான் செய்யச் சொன்னார். அதைவிட ஏசியிருக்கலாம்.

அவர் போனதும் அக்கா கண்ணைத் திறந்தார்.

“என்ன பிள்ளை கேட்டவ?”

அக்காவுக்குச் சிங்களம் விளங்காது. என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

“எப்ப தொடங்கினது எண்டு.”

“நீ என்ன சொன்னனி?”

“ரெண்டு மாதத்துக்கு மேலை எண்டு.”

“அண்டைக்கேன் பத்து நாள் எண்டனி?”

“வெக்கமாய் இருந்தது, அக்கா.”

அக்கா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். “எனக்கும் வெக்கம்தான். வந்த இடத்தில வருத்தம் எண்டு படுத்தால் உனக்குக் கரைச்சல். ஒண்டுக்குப் போனால் கட்டித் தேத்தண்ணி நிறத்தில போகும். உன்ரை புது லைற்றாலை எண்டு நினைச்சுப்போட்டன்” என்றார்.

அழுகை வந்தது. தாதி பார்ப்பாரே என்று அதையும் அடக்கினேன்.

பித்தக்குழாயில் (ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் குழாய்) கல் அடைத்திருந்தது. அடைத்த இடத்தில் கிருமி பிடித்து இரத்தத்தில் ஏறியிருந்தது. முதல் நான்கு நாள் ஆள் தப்புவார் என்று யாரும் சொல்லவில்லை. சுதனுக்குத் தொலைபேசியில் என்ன சொல்வது என்று தெரியாமல், “அம்மா நித்திரை” என்றே இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் உண்மையைச் சொன்னேன், என் பத்து நாளையும் சேர்த்து. “நீங்கள் பக்கத்திலை இருங்கோ சித்தி” என்று மட்டும் சொன்னான்.

காய்ச்சல் இறங்கியதும் வாய்வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். மஞ்சள் மெல்ல மெல்லத் தணிந்தது. ஈரலில் ஒரு பகுதி இறுகிவிட்டது, அது பழையபடி வராது, முன்னரே வந்திருந்தால் இவ்வளவு வந்திராது என்று டாக்குத்தர் எங்களை வீட்டுக்கு விடும்போது சொன்னார். விசா நேர்முகத்துக்குக் கொடுத்த நாள் வார்டிலேயே கழிந்துபோனது. திரும்ப நாள் கேட்டு எழுதி, அக்கா மகனிடம் போய்ச் சேர அடுத்த வருடமாயிற்று. இன்றும் மருந்துக் குளிசையோடுதான் இருக்கிறார். பொரித்தது தொடமாட்டார். கொஞ்சம் நடந்தால் இருந்து இளைப்பாறவேண்டும்.

நான் பஸ்ஸில், வகுப்பில், கோயிலில், கண்ட ஆட்களுடைய கண்ணின் வெள்ளையைப் பார்க்கிற ஆளாகிவிட்டேன். சிலர் முறைப்பார்கள். உங்கள் வீட்டில் யாராவது களைப்பு என்றால், சொறிகிறது என்றால், ஜன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். வெளிச்சத்துக்கு வர அவருக்கு வெட்கம் என்றால் உங்கள் வெட்கத்தை முதலில் விடுங்கள். டாக்குத்தரிடம் நாளைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

ஆசுப்பத்திரியால் வந்த மூன்றாம் நாள், அக்காவுக்கு ஊசி ஏற்றிய கை வீங்கியிருந்ததால் நான் குளிக்க வார்த்தேன். பகல் பதினொரு மணி. மூடியே கிடந்த குளியலறை ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தேன். அப்போதுதான் அவர் முதுகை முதல்தரம் கண்டேன். தோளிலிருந்து இடுப்புவரை நகம் பட்ட கோடுகள். கறுத்துப்போன பழைய கோட்டின்மேல் மண்ணிறக் கோடு, அதன்மேல் இன்னும் பொருக்கு உதிராத சிவப்புக் கோடு. எந்தக் கோடு எந்தக் கிழமை என்று என்னால் சொல்ல முடிந்தது. இது சவர்க்காரம் மாற்றின கிழமை. இது நல்ல நிறம் வந்திட்டியள் என்று சொன்ன கிழமை. நான் பத்து நாள் என்று சுருக்கிச் சொன்ன காலம் முழுவதும் அங்கே அப்படியே கிடந்தது.

தண்ணீர்க் கோப்பையோடு நான் வார்க்காமல் நிற்பதை அக்கா கவனித்துவிட்டார்.

“என்ன பிள்ளை, தழும்பு கனக்கவோ?”

இல்லை, ஒன்றிரண்டுதான் என்று சொல்ல நாக்கு எழும்பியது.

“ஓம் அக்கா. முதுகு முழுக்க.”

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து இருந்துகொண்டு, நல்ல கையால் சவர்க்காரத்தை எடுத்து எனக்கு நீட்டினார்.

“அப்ப மெள்ளத் தேய்.”