கிள்ளானில் தொலையாத தோடு

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்து, கிள்ளானில் ஒரு பூக்கடையின் எதிரே நிற்கிறோம். என் மனைவி பார்வதி நடைபாதை ஓர இரும்பு வேலியில் குனிந்து ஒரு டப்பாவைத் தேடுகிறாள். முன்பின் தெரியாதவர்கள் ஒளித்துவைத்த டப்பாக்களை, கைப்பேசி காட்டும் இடத்துக்குப் போய்க் கண்டுபிடிப்பதுதான் அவளுக்கு உலகம். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் எடுத்து, உள்ளிருக்கும் தாளில் பெயரெழுதி, அங்கேயே வைத்துவிட வேண்டும்.

அவளுடைய கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இது மூன்றாவது பயணம். முதல் இரண்டிலும் வெறுங்கை. இன்றும் கிடைக்காவிட்டால் இதோடு விட்டுவிடுவதாக ரயிலில் சொன்னாள்.

வேலியில் பதினான்கு கம்பிகள். அவள் ஐந்தாவதைத் தடவுகிறாள். பதினோராவதின் அடியில் டப்பா ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. வெயில் வேறு, அவள் முழங்கால் வேறு. ஆனாலும் நான் சொல்லிவிட்டால் அது அவள் கண்டுபிடித்ததாகாது.

"அங்கிள், ஆன்டி என்ன தேடுறாங்க?" என்கிறாள் பூக்கடைக்காரப் பெண்.

"தோடு விழுந்துடுச்சும்மா."

"ஐயோ! இருங்க, நான் வரேன் லா. என் கண்ணுக்குத் தப்பாது."

எழுந்தே விட்டாள்.

"வேணாம்மா, மொதல்ல மல்லி ரெண்டு முழம் குடு."

அளந்து தருகிறாள். பார்வதி எட்டாவது கம்பியில் இருக்கிறாள்.

"இன்னும் ரெண்டு முழம்."

"வீட்டுல கல்யாணமா அங்கிள்?"

பார்வதி பதினோராவதில் நிற்கிறாள். குனிகிறாள். ஏதோ எழுதுகிறாள். திரும்பும்போது முகமெல்லாம் சிரிப்பு.

பூக்கடைக்காரப் பெண் அவளை உற்றுப் பார்க்கிறாள்.

"அங்கிள், ஆன்டிக்கு ரெண்டு காதுலயும் தோடு இருக்கே?"

"அப்ப கெடைச்சிருச்சும்மா," என்கிறேன்.