சகலையின் பெயரும் ஓர் இரைச்சலும்

கடிகாரக்காரருக்குப் பொய் வராது என்று தெருவே சொல்லும். 'செவ்வாய்க்கிழமை வாங்க, ரெடியாயிடும்' என்பது தொழிலோடு சேர்ந்தது, அதைப் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

அவருடைய உண்மையெல்லாம் ஒரு நோட்டில் இருந்தது. பத்தொன்பது வருஷமாக, மாலை ஆறரைக்குக் கடையிலேயே சிற்றலை ரேடியோவைத் திருப்பி, ஓர் அயல்நாட்டு ஒலிபரப்பை யாராவது வேண்டுமென்றே இரைச்சல் போட்டு அமுக்குகிறார்களா என்று கேட்டு எழுதுவார். எழுதியதை அந்த நிலையத்துக்கே தபாலில் அனுப்புவார். இடி மின்னல் கிளப்பும் இரைச்சலுக்கு நேரங்காலம் கிடையாது. ஆள் வைத்துப் போடும் இரைச்சலோ நிகழ்ச்சிக்கு அரை நிமிஷம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். நிலையம் அலைவரிசை மாறினால், சந்தேகப் புருஷன் மாதிரி பின்னாலேயே போகும்.

இத்தனை வருஷத்தில் நிலையம் அவர் பெயரை ஒருதரம்கூட வாசித்ததில்லை. போன மாதம் ரேடியோ வாங்கிய சகலை, 'உங்கள் குரல் இனிமை' என்று ஒரே ஒரு கார்டு போட்டார். வெள்ளிக்கிழமை நேயர் கடிதத்தில், அறிவிப்பாளர் அம்மாள் சகலையின் பெயரை இனிஷியலோடு வாசித்தாள். அன்று பார்த்து இரைச்சலே இல்லை. கடிகாரக்காரருக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலையிலேயே சகலை கடைக்கு வந்துவிட்டார்.

"நேத்து என் பேரு வந்துச்சா சகலை? எங்க வீட்ல கரன்ட் போயிடுச்சு."

"எங்க கேட்டுச்சு. ஒரே இரைச்சல். முழுசா அமுக்கிட்டான்."

"என் பேரையா? அவ்வளவு பெரிய ஆளாயிட்டேனா நான்?"

அதற்கும் சகலை பூரித்துப்போனதைத்தான் கடிகாரக்காரரால் தாங்க முடியவில்லை.

"அப்ப அதை எழுதிப் போடுங்க. திரும்ப வாசிப்பாங்கல்ல."

எழுதி முடிக்கும்வரை சகலை பக்கத்திலேயே நின்றார். நோட்டில் விழுந்த முதல் பொய் அது.

ஆறு வாரம் கழித்து நிலையம் அறிவித்தது: நம்பகமான நேயர் ஒருவரின் அறிக்கைப்படி, திங்கள் முதல் வேறு அலைவரிசை. கடிகாரக்காரரின் பழைய ரேடியோவில் முள் அவ்வளவு தூரம் போகாது. சகலையின் புதுசில் போகும்.

அடுத்த சனிக்கிழமை சகலை வந்தார்.

"நேத்து உங்க பேரு வந்துச்சு. பத்தொன்பது வருஷமா எழுதுறாருன்னு அந்தம்மா என்னமோ சொல்ல ஆரம்பிச்சுது."

கடிகாரக்காரர் கண்ணிலிருந்து லென்ஸை எடுத்தார். "என்ன சொல்லிச்சு?"

"எங்க கேட்டுச்சு. ஒரே இரைச்சல்."

"எப்ப ஆரம்பிச்சுது இரைச்சல்?"

"உங்க பேரு சொன்ன உடனே."

"எப்ப நின்னுச்சு?"

"அடுத்தவர் பேரு வந்ததும்."

கடிகாரக்காரர் சகலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தானாக வருகிற இரைச்சலுக்கு இப்படி நேரம் பார்த்து வந்து போகத் தெரியாது.