ஏழு கிணறு, ஏழு குழாய்

மகளின் நீச்சலுடையில் குளோரின் மணம் அடித்தாலே எனக்கு இருப்புக்கொள்வதில்லை. நான் சிறுவயதில் போன, இப்போது இடித்துவிட்ட ஒஸ்லோ நீச்சல்குளம் கண்முன் வருகிறது. அதன் ஆவி மூடிய குளியலறையில், ஏழு குழாய்களில் ஒன்றைக் கொதிக்கவும் அடுத்ததை இளஞ்சூடாகவும் திருப்பி, ஒவ்வொன்றின் கீழும் நனைந்து நகர்கிறார் அப்பா. நீந்த வந்தவர்கள் பார்க்க, நான் கால்மாற்றிக் கால்மாற்றி நிற்கிறேன்.

“வாங்கோப்பா, எல்லாரும் பாக்கினம்.”

“பொறு. திருகோணமலையிலை கன்னியா எண்டு வெந்நீர்க் கிணறுகள். ஏழும் ஏழு சூடு. தாய் செத்த கடன் கழிக்க ராவணன் வாளாலை குத்தினதாம். நாங்களும் செத்த வீட்டுக் கடனுக்கு அங்கைதான் முழுகிறனாங்கள்.”

“இஞ்சை ஆர் செத்தது?”

“என்ரை அண்ணை. ஊரிலை இண்டைக்கு முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. சண்டைக்குள்ளை எப்பிடிப் போறது?”

ஏழாவது குழாய் நேரம் முடிந்து தானாக நிற்கிறது. அப்பா அதன் பொத்தானை மறுபடி அமத்தித் தண்ணீரை வரவைக்கிறார்.