முருகன் படம் போட்ட டிஸ்க்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. போன ஞாயிற்றுக்கிழமை ஜோதி தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

2. அம்மாவின் துணிப்பையில் ஒரு டிவிடி இருந்தது. அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்றாள்.

3. என் மடிக்கணினியில் டிஸ்க் போட இடமே இல்லை. வீட்டில் பிளேயரும் இல்லை.

4. கீழ்வீட்டுக்காரர் ஒரு பழைய கணினியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். அதன் டிரைவ் திறக்கவில்லை. ஒரு கிளிப்பை நிமிர்த்தி, முகப்பில் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் விட்டுத் திறந்தேன்.

5. உறையிலிருந்து டிஸ்கை எடுத்தேன். கற்பூர வாசனை வந்தது.

வாசனை வந்த பிறகு வரிசை தங்கவில்லை.

உண்மையைச் சொன்னால், ஜோதி வருகிறாள் என்றதும் முதலில் சலிப்புத்தான் வந்தது. ஒரகடத்தில் வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு ஒன்றுதான் துணி துவைக்க. ஈரக் கையோடுதான் கதவைத் திறந்தேன். ஆனால் டிஸ்கைக் கையில் எடுத்ததும், விரல்கள் தாமாகவே அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டன. வெள்ளை முகத்தில் வேலோடு நிற்கும் முருகன். நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்த தடம், அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு. திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மேலே இருக்கும் முருகனை மறந்திருந்தேன். அடிப்பக்கத்து ஊதா நிறத்தை மறக்கவில்லை. அது நான் தேர்ந்தெடுத்த டிஸ்க்.

ஜோதியும் நானும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரே அறையில் இருந்தோம். இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருடங்கள். செல்போன் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. அவள் லைனில், நான் டிப்ளமோ முடித்த கையோடு இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில். வெளியிலிருந்து வரும் பெட்டிகளைப் பிரித்து, சிலவற்றை மட்டும் எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்து, ஏற்கலாம் அல்லது திருப்பி அனுப்பலாம் என்று சொல்வது என் வேலை. ஷிப்ட் முடிந்தாலும் அந்த வேலை முடியாது. காய்கறிக் கடையில் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். மெஸ்ஸில் இட்லியைப் பிய்த்து நடுவில் வெந்திருக்கிறதா என்று சோதிப்பேன். அறையில் எனக்குப் பெயரே கியூசி, குவாலிட்டி கன்ட்ரோல். கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவோம். நெற்றியில் கம்பியின் வரி விழுந்திருக்கும். அதைக்கூட நான் யாருக்கு நேராக, யாருக்குக் கோணலாக என்று பார்த்திருக்கிறேன்.

அந்த பஸ்ஸை ஓட்டியவர் குமார். ஜோதி அவரைக் கட்டிக்கொண்டாள். அவள் கோவில்பட்டிப் பக்கம். அவர் இந்தப் பக்கம், வேறு சாதி. செய்தி கேட்ட அவள் அப்பா, இனி அவள் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். குன்றத்தூர் முருகன் கோயிலில் கல்யாணம் நடந்தது. பெண் வீட்டார் என்று நின்றது எங்கள் லைன் பெண்கள்தான். "பொண்ணோட அம்மா யாரு, முன்னாடி வாங்க" என்று குருக்கள் கூப்பிட்டபோது யாரும் அசையவில்லை. ஜோதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வள்ளியக்கா வந்தார். எங்கள் லைன் லீடர், பண்ருட்டிக்காரர், எங்களைவிட எப்படியும் பத்து வயது மூத்தவர். ஷிப்ட் முடிந்து நேராக வந்ததால் கழுத்தில் ஐடி கார்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் அம்மா. தாரை வாக்கத் தண்ணிச் சொம்பக் குடுங்க சாமி, நேரமாவுது" என்றார்.

குமாரின் நண்பர் ஒருவர் இதையெல்லாம் வீடியோ எடுத்தார். என்னிடம் பழைய கணினி ஒன்று இருந்தது, அதில் டிவிடி எழுதும் டிரைவும் இருந்தது. ஜோதிக்கு ஒரே நினைப்பு, அம்மா இதைப் பார்க்க வேண்டும். ஊரில் அவர்கள் வீட்டில் பிளேயர் கிடையாது, எதிர்வீட்டில் உண்டு. அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து அங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும்.

"நோ டிஸ்க்குன்னு வந்துருச்சுன்னா எங்கம்மா அப்படியே எந்திரிச்சு வந்துரும், கியூசி. ரெண்டாந் தடவ யார்ட்டயும் கேக்காது" என்றாள்.

ஒரே ஒரு வாய்ப்பு. எனக்கு இது போதாதா?

பஸ் நிலையத்துக்கு அருகே கணினிச் சாமான் விற்கும் கடைக்கு ஜோதி, வள்ளியக்கா, நான் மூவரும் போனோம். மேலே படம் அச்சிடக்கூடிய வெற்று டிஸ்கை எப்படிப் பார்த்து வாங்குவது என்பது இனி யாருக்கும் தேவைப்படாத அறிவு. அதனால் உங்களிடமாவது சொல்லி வைக்கிறேன். டிவிடி என்பது இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்வது; ஓரத்தில் நகத்தை ஓட்டினால் பிசிறு தட்டக் கூடாது. அடிப்பக்க நிறம் ஓரம்வரை திட்டில்லாமல் ஒரே சீராக இருக்க வேண்டும். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் ஊசித்துளைபோல ஒளி தெரியக் கூடாது. வெள்ளை முகத்தில் ஈர விரலை வைத்தால் லேசாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வழுக்கினால் மை தங்காது.

டப்பாவில் இருந்து நான் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கில் காட்டுவதைக் கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, டிஸ்க் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"பொண்ணா இருந்தா பரவால்லண்ணே, அனுசரிச்சுப் போயிடும்" என்றார் வள்ளியக்கா. "இது ஊருக்குப் போயி மக்கர் பண்ணா நீயா வந்து பதில் சொல்லுவ?"

நான் விரலை நாக்கில் தொட்டு ஒரு டிஸ்கின் வெள்ளை முகத்தில் வைத்தேன்.

"ஐய, எச்ச பண்ணாதம்மா! அத இனிமே எவன் வாங்குவான்?"

"நாங்கதான்" என்றாள் ஜோதி பரிதாபமாக.

வாங்கினோம். அது வழுக்கும் ரகம். கடைசியில் அவரே சலித்துப்போய், "உள்ள ஒண்ணு கீது. ஸ்டூடியோக்காரங்க மட்டுந்தான் இத்த வாங்குவாங்க. இதுலயும் குத்தம் சொன்னீன்னா ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கினு வூட்டுக்குப் போயிடுவேன்" என்று தனி உறையில் இருந்த ஒன்றை எடுத்து வைத்தார். குற்றம் சொல்ல எதுவும் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. நல்லது அம்மாவுக்கு, எச்சில் பட்டது ஜோதிக்கு என்று முடிவாயிற்று.

அறைக்கு வந்து, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் எழுதவிட்டேன். அது முடியும்வரை மேசைப்பக்கம் யாரும் நடக்கக் கூடாது என்று உத்தரவு. வெளியே வந்த டிஸ்க் சூடாக, புது பிளாஸ்டிக் வாசனையோடு இருந்தது. அச்சடிக்கும் மெஷின் கடைக்காரரிடம்தான் இருந்ததால் மறுநாள் திரும்பவும் அங்கேயே போய் நின்றோம்.

மாலையும் கழுத்துமாக நிற்கும் படத்தைத்தான் மேலே போட வேண்டும் என்று ஜோதி வைத்திருந்தாள். மெஷினில் டிஸ்கை வைக்கும்போது அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"எங்கய்யா கண்ணுல பட்டா மிதிச்சே ஒடைச்சிருவாரு."

"அப்ப சாமி படத்தப் போடு" என்றார் வள்ளியக்கா. "சாமிய மிதிப்பாரா ஒங்கப்பா?"

முருகன் கோயில் கல்யாணம்தானே, பொய்யும் இல்லை. "பக்திப் பாட்டா?" என்று கேட்டார் கடைக்காரர். "ஆமாண்ணே, கல்யாணப் பாட்டு" என்றார் வள்ளியக்கா. பல நாள் கழித்து ஜோதி வாய்விட்டுச் சிரித்தாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினோம். எதிர்வீட்டுப் போனில் அம்மாவுக்கு விஷயத்தையும் சொல்லியாயிற்று. ஆனால் அந்தப் பெண் போன நேரம் அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். முருகன் பாட்டு என்று சொல்லியிருக்கிறாள். அவரே இரு கையாலும் வாங்கிக்கொண்டுபோய்ச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார். அவர் கையால் வைத்ததை அம்மா எப்படி எடுப்பார், என்ன சொல்லி எடுப்பார்? நான் எல்லாவற்றையும் சோதித்திருந்தேன். இதைச் சோதிக்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. ஜோதியின் டிஸ்க் இரண்டு வருடம்கூட ஓடவில்லை. கம்பெனி மூடியது. நான் மணப்பாக்கத்தில் தரைத்தளத்துக்குக் குடிபோனேன். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட அந்த மழையில் கல்யாண வீடியோவும் படங்களும் இருந்த என் கணினி கட்டிலோடு சேர்ந்து முழுகியது. அந்த டிஸ்க் கடை இப்போது ஹெல்மெட் கடை. கல்யாணம் நடந்ததற்குப் படமென்று மிஞ்சியது கோவில்பட்டிப் பக்கத்துச் சாமி மாடத்தில் இருந்தது மட்டும்தான்.

போன வருடம் அப்பா இறந்துவிட்டார். அம்மா டிஸ்கை எடுத்துக்கொண்டு மகளிடம் வந்துவிட்டார். கீழ்வீட்டுக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்:

"அவுக தெனமும் குளிச்சிட்டு வந்து, அதுக்குத்தான் தாயி சூடங் காட்டிக் கும்புடுவாக. நான் அடுப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

"சொல்லிடலாம்னு தோணலையாம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னா கும்புடுறத நிப்பாட்டிருவாகள்ல."

ஜோதி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். நான் டிஸ்கை உள்ளே தள்ளினேன். டிரைவ் முனகியது, நின்றது, மறுபடி சுற்றியது. விரலை நாக்கில் தொட்டுப் பார்த்த அந்தக் கடையை நினைத்துக்கொண்டேன். படம் வந்தது. ஒரு புள்ளிகூட உடையவில்லை.

திரையில் இருந்த மகளை அம்மா அதிகம் பார்க்கவில்லை. மகள்தான் பக்கத்திலேயே இருக்கிறாளே. திரைக்கு அருகே போய் விரலால் தொட்டார்.

"இந்தா, கழுத்துல அட்டை தொங்குதே, இவுக யாரு?"

"வள்ளியக்காம்மா. எங்க லீடரு" என்றாள், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிய ஜோதி.

"என் எடத்துல நின்னது இவுகளா?" விரலை அந்த அட்டையிலிருந்து எடுக்கவில்லை. "இவுகளப் பாக்கணுமே. எங்க இருக்காக?"

கம்பெனி மூடிய பிறகு திருப்பூருக்குப் போனதாக ஒருத்தி சொன்னாள், ஓசூர் என்று இன்னொருத்தி. நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் ஷிப்ட். என்னிடம் இருந்த எண்ணை அழுத்தினேன். உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் மூன்று மொழியில் சொன்னது. படத்தை நிறுத்தி, அவர் ஐடி கார்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊரோ பெயரோ தெரியவில்லை. கம்பெனி முத்திரை மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இப்போதைய நிலை இது. டிஸ்க் எங்கும் திக்காமல் கடைசிவரை ஓடியது. பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டேன். அம்மா பிள்ளைப்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார்; டிஸ்க் அங்கே சாமி அலமாரியில் இருக்கிறது. வள்ளியக்கா இன்னும் கிடைக்கவில்லை.